வடசென்னையிலிருந்து கோடைப் பயணம்: நான்கு சாலைகளில் எது நமக்கு?

சென்னையிலிருந்து காரில் எங்கே போகலாம் என்று யோசனை சொல்லும் கட்டுரைகளைப் படித்தால், எழுதியவர் வீடு அடையாற்றுக்குத் தெற்கே இருப்பது இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். மாமல்லபுரம் ஒரு மணி நேரம், புதுச்சேரி மூன்று மணி நேரம் என்று அவர்கள் போடும் கணக்கு அவர்கள் வாசலிலிருந்து சரி. தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ வண்டியைக் கிளப்புகிறவருக்கு அந்தக் கணக்கு திருவான்மியூரில்தான் தொடங்கும். அதுவரை ஊரை நெடுக்குவாட்டில் கடந்தாக வேண்டும். போகும்போது விடியற்காலையில் தப்பித்துவிடலாம். ஞாயிறு இரவு திரும்பும்போது பாதி ஊர் கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் நிற்கும். அதற்குப் பிறகு நமக்கு மட்டும் இன்னொரு ஊர் பாக்கி இருக்கும்.

நம் பக்கத்துக்கு வேறொரு வசதி உண்டு. அதை நாமே மதிப்பதில்லை. வடக்கே போகும் ஜி.என்.டி. (கிராண்ட் நார்தர்ன் டிரங்க்) சாலை நம் வாசலில் இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு மாதவரம் ரவுண்டானாவைத் தாண்டினால் செங்குன்றத்தில் கடைகள் திறக்குமுன் ஊருக்கு வெளியே வந்துவிடலாம். மீஞ்சூரிலிருந்து வண்டலூர் வரை 62 கிலோமீட்டருக்கு வெளிவட்டச் சாலை வந்த பிறகு, மேற்கே போகக் கோயம்பேட்டுக்குள் நுழைய வேண்டிய கட்டாயமும் இல்லை. சுங்கம் கட்ட வேண்டும்; கட்டிவிட்டுப் போகலாம். நம் பக்கத்து ஒரே எதிரி கன்டெய்னர் லாரி. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி வழியிலும் துறைமுக வரிசை எப்போது நகரும், எப்போது உறையும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் எந்தத் திசைக்குப் போனாலும், இருட்டு பிரியுமுன் கிளம்புவது என்பது என் கட்சி.

கேள்வி இதுதான். மே மாதம், பள்ளி விடுமுறை. முட்டிவலியுள்ள அம்மா, இரண்டு பிள்ளைகள், மைத்துனர் குடும்பம், ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்று. ஓர் இரவு நிச்சயம் தங்கலாம். கெஞ்சிக் கூத்தாடினால் இரண்டு. வழியில் நின்று நின்று பார்த்துப் போக வேண்டும். ஒரே இடத்தில் போய் விழுவதற்கு ரயில் போதும். வடக்கே பழவேற்காடு, தெற்கே புதுச்சேரி, மேற்கே ஏலகிரி, வடமேற்கே ஊத்துக்கோட்டை வழியாகச் சந்திரகிரி. இந்த நான்கில் எது?

ஊட்டியும் கொடைக்கானலும் ஏன் பட்டியலில் இல்லை என்று பிள்ளைகள் கேட்டார்கள். இரண்டு இரவில் ஊட்டி போய்த் திரும்பினால் பார்ப்பது சாலையைத்தான். தவிர, 2024 மே மாதம் முதல் அந்த இரண்டு ஊர்களுக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் வெளியூர் வண்டிகள் நுழைய முடிகிறது. அது வேறு பயணம், வேறு விடுப்பு.

கோடையில் இடங்களைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை நாம் எங்கே இருப்போம்? மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடுகிறது. மாதக் கடைசி வரை விடாது. அந்த ஐந்து மணி நேரத்தில் கோயில்கள் பெரும்பாலும் நடை சாத்தியிருக்கும். திறந்திருந்தாலும் பிராகாரத்துக் கல்லில் கால் வைக்க முடியாது. கோட்டை, கடற்கரை, தொல்லியல் சின்னம் எல்லாம் வெட்டவெளி. பயணத் திட்டம் போடுகிறவர்கள் காலைக்கும் மாலைக்கும் இடங்களை அடுக்கிவிட்டு நடுப்பகலை 'மதிய உணவு' என்று ஒற்றைச் சொல்லில் தாண்டிவிடுகிறார்கள். கோடைப் பயணம் கெடுவது அங்கேதான். சாப்பாடு முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி நான்கு மணி நேரம் ஏழு பேரும் வண்டிக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வெயிலும் எல்லாத் திசையிலும் ஒரே வெயில் இல்லை. கடலோரத்தில் நண்பகல் வாக்கில் கடற்காற்று உள்ளே புகுந்து சூட்டைக் கொஞ்சம் தணிக்கும். மேற்கேயிருந்து வரும் தரைக்காற்று வலுத்துக் கடற்காற்று தாமதமாகும் நாட்களில்தான் சென்னை கொதிக்கிறது. 2003 மே 31 அன்று 45 டிகிரியைத் தொட்டது. உள்ளே திருத்தணி, வேலூர்ப் பக்கம் போகப் போக அந்தக் காற்று மாலையில் களைத்துத்தான் வந்து சேரும், சில நாள் வராமலே போகும். வெப்பமானியை மட்டும் பார்த்தால் கடலோரம்தான் வெல்லும். ஆனால் கடலோரத்தில் நிழலில் நின்றாலும் வேர்க்கிறது. உள்நாட்டு வெயில் காய்ந்த வெயில். அங்கே ஒரு புளியமரம் கிடைத்தால் அது உண்மையிலேயே நிழல். பெரியவர்களை அழைத்துப் போகும்போது இந்த வேறுபாடு டிகிரிக் கணக்கைவிடப் பெரிது.

புதுச்சேரிக்கு மைத்துனர் ஒவ்வோர் ஆண்டும் கொடி பிடிப்பார். "கடல் இருக்கிறது, பெட்ரோல் விலை குறைவு, வேறென்ன வேண்டும் மாமா?" என்பார். அவர் கட்சியையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு மணிக்குக் கிளம்பினால் மாமல்லபுரம் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் சேர்த்து நாற்பது ரூபாய் டிக்கெட். பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடத்தை இந்த விலைக்குப் பார்ப்பது லாபம்தான். காலை ஒளியில் அர்ச்சுனன் தபசுப் பாறையில் அந்தத் தவம் செய்யும் பூனையையும் அதன் காலடியில் எலிகளையும் பிள்ளைகளைத் தேடச் சொன்னால் அரை மணி நேரம் சத்தமே இருக்காது. அதற்குப் பிறகு மரக்காணம். உப்பளத்துக்குக் கோடைதான் அறுவடை; சாலையோரத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவித்திருப்பார்கள். நிற்கவே வேண்டாம், ஓட்டிக்கொண்டே பார்க்கலாம். இந்தப் பட்டியலில் மே மாதத்தில் போனால் கூடுதலாகக் கிடைக்கும் காட்சி அது ஒன்றுதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நடுப்பகல்? கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், பத்தே ஆண்டில் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்ட கோட்டை. உப்பங்கழியும் சிதைந்த சுவரும் அழகாகத்தான் இருக்கும். ஒதுங்க இடமில்லை. புதுச்சேரியில் விடுதி அறை பகல் பன்னிரண்டுக்குமுன் கிடைக்காது. கிடைத்த பிறகு மாலை வரை அறையில் படுத்திருக்க வேண்டும். ஆறு மணிக்குமேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், அப்போது நடப்பது சுகம். அந்த ஒரு மாலைக்காக வார இறுதி அறை வாடகை, போகவர ஊரைக் கடக்கும் தண்டனை. பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காட்டுக்குள் படகில் போனால் நிழல் உண்டு, தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர் கட்டிய கோட்டை உண்டு. ஆனால் அவற்றை எட்ட இன்னோர் இரவு வேண்டும். இந்தச் சாலையை மார்கழி, தை மாதங்களுக்கு ஒத்திவைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. மைத்துனர் இன்னும் சமாதானமாகவில்லை.

வடக்கே, நம் வீட்டுக் கொல்லைப்புறம்போலப் பழவேற்காடு இருக்கிறது. மீஞ்சூர், பொன்னேரி வழியாக ஐம்பத்தைந்து, அறுபது கிலோமீட்டர். சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. 1613-இல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரை முழுவதையும் இங்கிருந்துதான் நடத்தினார்கள். பழவேற்காட்டிலிருந்து துணியும் போயிற்று, அடிமைகளாக மனிதர்களும் போனார்கள். கோட்டை இன்று முள் மண்டிய மேடு. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் வாயிலின் இரு பக்கமும் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே மல்லாந்து கிடக்கும் பெரிய கல் பலகைகளில் குலச் சின்னங்களும் டச்சு எழுத்தும் இன்னும் கூர் மழுங்காமல் இருக்கின்றன. விரலால் தடவிப் பார்த்தால் எழுத்தின் பள்ளம் தட்டுப்படும். பூட்டியிருந்தால் பக்கத்துக் கடையில் கேட்டால் ஆள் யாரென்று சொல்வார்கள்.

கோடையில் பழவேற்காட்டுக்குப் போவதில் ஒரு குறையும் ஒரு நிறையும் உண்டு. பூநாரைகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அவை மழைக்காலத்துக்குப் பிறகு வந்து பங்குனிக்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும். மேயில் ஏரி வற்றிச் சேறு தெரியும். சூளூர்பேட்டைப் பக்கத்து நேலப்பட்டுச் சரணாலயத்துக்கும் இதே நிலைதான். கூழைக்கடாக்களைப் பார்க்கக் குளிர்காலத்தில் போக வேண்டும். நிறை என்னவென்றால் மீன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். காசிமேட்டில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், சந்தையில் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். பழவேற்காட்டில் ஏரி மீன்பிடிப்பு ஓடிக்கொண்டிருக்கும். எந்த ஊர்க்காரர் எந்த நாளில் எந்தத் துறையில் வலை போடலாம் என்று முறை வைத்துக்கொள்ளும் 'பாடு' வழக்கம் அங்கே தலைமுறைகளாக இருக்கிறது. ஏரி இறாலும் நண்டும் வாங்கிப் பனிக்கட்டி போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து சமைப்பதே ஒரு பயணத்துக்குப் போதுமான காரணம்.

படகுச் சவாரிக்கு யாராவது கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். உயிர்காப்பு உடை இல்லாத படகில் பிள்ளைகளோடு ஏறுவதற்கு எந்தக் காட்சியும் ஈடாகாது.

ஆக, பழவேற்காடு ஒரு காலைப்பொழுது. ஐந்தரைக்குக் கிளம்பி, கல்லறைத் தோட்டம், மீன் சந்தை, பனையோலைப் பெட்டி விற்கும் இடம் எல்லாம் பார்த்துவிட்டுப் பதினொரு மணிக்குள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். நடுப்பகலுக்கு நம் வீட்டு மின்விசிறியே இருக்கிறது. இதைப் பெரும்பயணத்தோடு முடிச்சுப் போட்டு, மதியத்தில் ஸ்ரீஹரிகோட்டா, மாலையில் நெல்லூர் என்று நீட்டுகிறவர்கள் உண்டு. ஏவுதளத்துப் பார்வையாளர் மாடத்துக்கு முன்பதிவு வேண்டும், ராக்கெட் ஏவும் நாளாகவும் இருக்க வேண்டும். நாள் பொருந்தினால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதற்கு மட்டும் போங்கள். பொருந்தாவிட்டால் அந்த நெடுஞ்சாலையில் வெயிலையும் சுங்கச்சாவடியையும் தவிர அதிகம் இல்லை.

இனி மேற்கு. ஏலகிரி நம் வீட்டிலிருந்து இருநூற்று நாற்பது கிலோமீட்டர் வரும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர், வள்ளல் பெயர்களை வைத்திருக்கிறார்கள். பாரியில் வயிறு கலங்கத் தொடங்கினால் ஓரிக்குள் வாந்தி நிச்சயம் என்று பிள்ளைகளை முன்கூட்டியே எச்சரித்து வைக்கலாம். கைப்பேசி வரைபடத்தில் கவனம்: மலையேறும் சாலை பிரியும் இடத்துக்கும் பொன்னேரி என்றுதான் பெயர். ஊர் பெயரை மட்டும் தட்டினால் அது நம்மை மீஞ்சூருக்கு அடுத்த பொன்னேரிக்குத் திருப்பிக் கூட்டிவந்துவிடும்.

இந்தச் சாலையின் பலம் அதன் சாப்பாடும் வேலூரும். வெளிவட்டச் சாலையில் நசரத்பேட்டைப் பக்கம் இறங்கி பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்தால், எட்டரை மணிக்கு வேலூர்க் கோட்டை. அகழியில் தண்ணீர் நிற்கும் கோட்டைகள் நம் நாட்டில் அதிகம் இல்லை. 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் எழுந்தது இந்த மதிலுக்குள்தான். 1857 மீரட் கிளர்ச்சிக்கு அரை நூற்றாண்டு முந்திய கதை அது. கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில். நெடுங்காலம் மூலவர் இல்லாமல் கிடந்து, 1981-இல்தான் லிங்கம் மீண்டும் உள்ளே வந்தது. அதன் கல்யாண மண்டபத்துத் தூண் வேலைப்பாட்டுக்கு முன்னால் அம்மாவை ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தால் அவர் பாட்டுக்கு நேரம் போகும். பத்தரைக்கு வெளியே வந்தால் ஆம்பூருக்குச் சரியான பசியோடு போய்ச் சேரலாம். சீரகச் சம்பா பிரியாணி, பக்கத்தில் கத்தரிக்காய். அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காலையிலேயே தட்டில் விழத் தொடங்கிவிடும் ஊர் அது, பன்னிரண்டு வரை காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் மலை. நடுப்பகலுக்குள் அறைக்குப் போய்விடலாம் என்பதால் என் அளவுகோலில் ஏலகிரி நன்றாகவே தேறுகிறது. ஆனால் கனவு வேண்டாம். இது ஊட்டி இல்லை. மே மாதப் பகலில் அங்கேயும் வெயில் உண்டு. சமவெளியைவிடச் சில டிகிரி குறைவு, அவ்வளவுதான். மாலையும் இரவும்தான் அதன் சொத்து. கோடை விழா நாட்களில் புங்கனூர் ஏரிப் படகுக்கு வரிசை நிற்கும், அறை வாடகை ஏறிவிடும். அறைக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டுப் போய், சீசன் என்று சொல்லி மேலும் கேட்ட ஒரு விடுதியோடு மல்லுக்கட்டிய அனுபவம் எனக்கு உண்டு. கட்டிய தொகையும் பேசிய வசதிகளும் எழுத்தில் கைப்பேசியில் இருக்கட்டும்.

இங்கே இரண்டாவது இரவு தங்கினால் மட்டும் ஒரு பெரும் பரிசு உண்டு: காவலூர். ஆலங்காயத்தை ஒட்டிய ஜவ்வாது மலையில், 2.34 மீட்டர் குவியாடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கும் வான் ஆய்வகம். சனிக்கிழமைகளில் பொதுமக்களை விடும் வழக்கம் உண்டு. போகுமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும், மேகம் மூடினால் விதி. எண்ணூர்ச் சுடர்களும் சரக்குப் பெட்டக விளக்குகளும் இரவெல்லாம் வானத்தை ஆரஞ்சு நிறமாக்கும் இடத்தில் வளரும் பிள்ளைகளுக்கு, முழு இருட்டில் வானம் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்கு இவ்வளவு அருகில் வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

மேற்குச் சாலையின் குறை சாலையேதான். ஸ்ரீபெரும்புதூருக்கும் வாலாஜாபேட்டைக்கும் இடையில் அகலப்படுத்தும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்து, திடீர் மாற்றுப்பாதைகளும் தூசியுமாக ஓட்டுநரின் பொறுமையைச் சோதித்திருக்கிறது. சுங்கச்சாவடிகளும் வரிசையாக வரும். ஓர் இரவுக்காக இவ்வளவு தூரம் ஓட்டினால் ஏலகிரியில் இருப்பதைவிட வண்டியில் இருப்பதுதான் அதிகம்.

எனக்குப் பிடித்த சாலையைக் கடைசியில் வைத்திருக்கிறேன். நல்லூர் சுங்கச்சாவடியைத் தாண்டி, ஜனப்பன்சத்திரத்தில் இடப்பக்கம் திரும்பினால் பெரியபாளையம். பவானி அம்மனுக்கு ஆடியில் போகிறவர்கள் இந்தச் சாலையை நெரிசலாகத்தான் அறிந்திருப்பார்கள். மே மாத வாரநாளில், காலை ஆறரைக்கு, கோயிலில் கூட்டமே இருக்காது. வேப்பிலை வாசனையோடு ஐந்து நிமிடத்தில் தரிசனம். "கோயில் ஒன்றாவது உண்டா?" என்று கேட்கும் அம்மாவுக்கு இந்தச் சாலையில் பதில் ஒன்றல்ல, நான்கைந்து.

அங்கிருந்து ஊத்துக்கோட்டை. ஊருக்குப் பக்கத்தில் ஜீரோ பாயின்ட் என்று எல்லோரும் சொல்லும் இடத்தில் கண்டலேறு–பூண்டிக் கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. ஆந்திரத்துக்குள் 152 கிலோமீட்டர் ஓடிவரும் கிருஷ்ணா நீர். அது பூண்டிக்குப் போய், புழலுக்குப் போய், நம் தெருக் குழாய்க்கு வருகிறது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற தலைமுறைக்கு அந்தக் கால்வாயின் கரையில் நிற்பது எந்தச் சுற்றுலாத் தலத்துக்கும் குறைந்ததில்லை. பிள்ளைகள் அதிகம் அசரமாட்டார்கள். பரவாயில்லை, ஐந்து நிமிடம்தான்.

எல்லையைத் தாண்டியதும் சுருட்டப்பள்ளி. சிவன் லிங்கமாக இல்லாமல், ஆலகால விஷம் உண்ட களைப்பில் அம்மையின் மடியில் தலைவைத்துப் பள்ளிகொண்டிருக்கும் கோயில். ரங்கநாதரைப் படுத்த கோலத்தில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சட்டென்று ஒரு நொடி புரியாது. பிரதோஷத்தன்று போனால் அந்த ஒரு நொடிதான் கிடைக்கும். கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விடும். நாள்காட்டி பார்த்து மற்ற நாளில் போனால் நின்று நிதானமாகப் பார்க்கலாம். அடுத்து நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தம் தாயின் பெயரில் எழுப்பிய ஊர் என்பார்கள். மச்ச அவதார வேதநாராயணர் கோயிலில் பங்குனி வாக்கில் சில நாட்கள் மட்டும் மாலைச் சூரியன் மூலவர்மேல் விழும். மேயில் அந்தக் காட்சி கிடையாது. பெரிய மதிலும் விசாலமான பிராகாரமும் உண்டு. ஒன்பதரைக்குள் வெளியே வந்துவிடுங்கள், பிறகு கல் சுடத் தொடங்கும்.

இப்போது என் அளவுகோல். நாகலாபுரத்துக்கும் புத்தூருக்கும் இடையில், மலையடிவாரத்துக்குள் கொஞ்சம் உள்வாங்கிக் கைலாசகோனா என்ற சிற்றருவி இருக்கிறது. கோடையிலும் பெரும்பாலும் வற்றாதது. இதை நான் முதலிடத்தில் வைப்பதற்குக் காரணமும் அதுதான். குற்றாலத்தை நினைத்துக்கொண்டு போகக் கூடாது. மேயில் நீர் பாறையின் முகத்தில் நூல் நூலாகப் பிரிந்து இறங்கும், பாறையிடுக்கில் வேர்கள் தொங்கும், கீழே இடுப்பளவு குளம். வெளியே சாலையில் தார் இளகிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தத் தண்ணீர் தோளில் விழுந்தால் பல் கிட்டும். பாசி படிந்த பாறை வழுக்கும். அம்மாவைக் கைப்பிடித்துக் குளத்தின் ஓரம்வரை கூட்டிப்போய்க் காலை நனைத்து உட்கார வைத்தால் போதும். குரங்குகள் பையின் ஜிப்பைத் திறக்கத் தெரிந்தவை. புளியோதரையும் தயிர்சாதமும் வண்டியிலேயே சாப்பிட்டுவிட்டு இறங்குவது புத்திசாலித்தனம். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே இளைஞர் பட்டாளம் குவியும். வியாழன், வெள்ளியில் குடும்பங்களுக்குத் தோதாக இருக்கும். பத்தரைக்குப் போய் இரண்டு மணிவரை இருந்தால் நடுப்பகலின் முதுகெலும்பை முறித்துவிடலாம்.

இந்த வட்டாரம் முழுக்க மாந்தோப்பு. பங்கனப்பள்ளியும் தோத்தாபுரியும் மே மாதத்தில்தான் சாலையோரத்துக்கு வரும். கடைக்காரரிடம் தமிழிலேயே பேசலாம். 1960-இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி நம் பக்கம் வந்தது, புத்தூரும் நகரியும் அந்தப் பக்கம் நின்றுவிட்டன. மொழிக்கு அந்தக் கோடு அவ்வளவாகத் தெரியாது. புத்தூர் என்றதும் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட வந்த கதை நம் தெருவில் யாரிடமாவது இருக்கும். மாலை நான்கரைக்கு நாராயணவனத்தில் கல்யாண வெங்கடேசுவரர் கோயில் பார்த்துவிட்டு, ஏழு மணிக்குத் திருப்பதியில் அறை எடுத்துவிடலாம்.

இங்கேதான் வீட்டில் சண்டை வரும். திருப்பதிவரை போய்விட்டு மலையேறாமல் திரும்புவதா? கோடை விடுமுறையில் திருமலை ஒரு நாளை முழுதாக விழுங்கிவிடும். முன்னூறு ரூபாய் டிக்கெட் மாதக்கணக்கில் முன்பே இணையத்தில் போய்விடுகிறது. கையில் அது இல்லாமல் பிள்ளைகளோடும் முட்டிவலியோடும் வரிசையில் நிற்பது பக்திக்கு வைக்கும் தேர்வு. திருச்சானூரில் தாயாரைக் காலையில் சேவித்துவிட்டுச் சந்திரகிரிக்குப் போவது என் திட்டம். அம்மா இதற்கு ஒப்புக்கொண்டது, புரட்டாசியில் தனியாகக் கூட்டிப்போவேன் என்ற வாக்குறுதியின் பேரில்.

சந்திரகிரி நடுப்பகலுக்கென்றே கட்டியதுபோல இருக்கும் இன்னோர் இடம். விஜயநகரத்தின் கடைசித் தலைநகரங்களில் ஒன்று. ராஜ மகால் மூன்று அடுக்குக் கட்டடம், கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பியது. சுவரின் பருமனே வெயிலை வெளியே நிறுத்திவிடுகிறது. உள்ளே தொல்லியல் துறை அருங்காட்சியகம், வெள்ளிக்கிழமை விடுமுறை. 1639-இல் ஆங்கிலேயர்களுக்குக் கடலோரத்தில் ஒரு மணல் திட்டைக் கொடுத்த தாமர்ல நாயக்கர்கள் இந்தச் சந்திரகிரி அரசுக்குக் கீழ்ப்பட்டவர்கள்தான். ஜார்ஜ் டவுனும் ராயபுரமும் நம் வீடும் அந்தக் கொடையின் வாலில் தொங்குகிறவை. பகல் பத்தரைக்கு உள்ளே போனால் ஒன்றரைவரை பிள்ளைகள் வாளும் சிற்பமும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பெரியவர்கள் ஜன்னல் மேடையில் காற்று வாங்கலாம்.

திரும்பும் வழியை மாற்றிக்கொண்டால் போன சாலையில் மீண்டும் வர வேண்டியதில்லை. மாலை காளத்தி, கண்ணப்பர் கண்ணை அப்பிய ஊர். பேனாவால் வரையும் கலம்காரித் துணிக்குப் பெயர்பெற்றதும் அதே ஊர்தான். இயற்கைச் சாயத் துணி வேண்டுமென்று கேட்டு வாங்குங்கள், அச்சுத் துணியையும் அதே பெயரில் விற்கிறார்கள். பிறகு நாயுடுபேட்டை போய், சூளூர்பேட்டை, தடா வழியாக நெடுஞ்சாலை நேராக மாதவரத்தில் கொண்டுவந்து விடும். கும்மிடிப்பூண்டிக்கு இப்பால் இரவு லாரிகள் நிறைந்த சாலை என்பதால் ஒன்பதரைக்குள் அதைத் தாண்டப் பாருங்கள்.

இந்தச் சாலைக்கும் குறை உண்டு. ஊத்துக்கோட்டைக்கு அப்பால் நெடுஞ்சாலை வேகம் கிடைக்காது. நல்ல கழிவறை எங்கே என்பதைப் பெட்ரோல் பங்க்குகளை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். ஆந்திரத்தில் பெட்ரோல், டீசல் விலை நம் ஊரைவிட அதிகம். ஊத்துக்கோட்டையிலேயே தொட்டியை நிரப்பிவிட்டால் வட்டம் முழுக்கப் போய்வரலாம், மொத்தமே முன்னூறு கிலோமீட்டர் சுமார்தான். சொந்த வண்டிக்குத் தொல்லை இல்லை. மஞ்சள் பலகை வாடகை வண்டி என்றால் ஆந்திரப் பெர்மிட் இருக்கிறதா, அந்தச் செலவு யாருடையது என்று கிளம்புமுன் ஓட்டுநரிடம் பேசி முடித்துவிடுங்கள். எல்லையில் பேசுவது சரிப்படாது.

ஆக, ஓர் இரவு மட்டும் என்றால் வடமேற்கு, யோசிக்கவே வேண்டாம். இரண்டு இரவு கிடைத்து, அதில் ஒன்று சனிக்கிழமையாக அமைந்து, காவலூரில் அனுமதியும் உறுதியானால் ஏலகிரி. இரண்டு இரவு கிடைத்தும் சனிக்கிழமை அமையாவிட்டால் மறுபடி வடமேற்கே. கூடுதல் நாளைத் தலைகோனா அருவிக்கோ, திரும்பும் வழியில் சோளிங்கருக்கோ கொடுக்கலாம். சோளிங்கர் நரசிம்மரைப் பார்க்க 1,305 படி ஏற வேண்டியிருந்தது; இப்போது ரோப் கார் வந்துவிட்டதால் முட்டிவலிக்காரர்களும் போகலாம். பழவேற்காட்டை எந்தப் பட்டியலிலும் சேர்க்காமல், தடைக்காலம் முடிவதற்குள் ஒரு ஞாயிறு காலைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் வியாழன் காலை கிளம்பி வெள்ளி இரவு திரும்புவது என்று முதலில் பேசியிருந்தோம். வெள்ளியன்று சந்திரகிரி அருங்காட்சியகம் மூடியிருக்கும் என்பதால் ஒரு நாள் முன்னால் இழுத்து, புதன் காலை நான்கே முக்காலுக்குக் கிளம்பி வியாழன் இரவு திரும்புவதாக மாற்றியாயிற்று. புதுச்சேரிக்குக் கொடி பிடித்தவருக்கு முன் இருக்கையையும் பாட்டுத் தேர்வையும் விட்டுக்கொடுத்திருக்கிறோம்.